டொக்கு எடுக்க வேண்டாம்

சீசன் முடிந்து ஜூனில் வந்து இறங்கும் ஜீப்.
மூலக்கடை ஷெட் வாசலில்
லாரிக்குப் பலகை போட்டு உருட்டினோம்.
கூடவே ஒரு சீட்டு,
பூங்கா நுழைவுச்சீட்டின் முதுகில்
செவந்தனின் எறும்பூரும் எழுத்து:

மூன்றாம் ஓடையில் இறங்கினால்
இடது முன்சக்கரம் அழுகிறது.
அருவிக்கு ஏறும் வளைவில் இரண்டாம் கியர் நழுவுகிறது.
பின்சீட்டில் அட்டை இருக்கலாம், உப்பு வைத்துக்கொள்ளவும்.
வலது கதவு காட்டெருமை முட்டியது.
டொக்கு எடுக்க வேண்டாம்.
பயணிகள் முதல் போட்டோ அதைத்தான் எடுக்கிறார்கள்.

என் பேர் ஏழுமலை.
திருப்பதியைக் கழித்துவிட்டால்
ஒரு மலையும் ஏறாதவன்.
பதினோரு வருடமாய் அந்தக் காட்டை
அடியிலிருந்து பார்க்கிறேன்,
மல்லாந்து, கையில் பதினாறாம் நம்பர் ஸ்பானர்.

தட்டினால் செம்மண் பொருக்கு இமையில் உதிரும்.
ரேடியேட்டர் வலையில் மஞ்சள் இறக்கைகள்,
விரலில் ஒட்டினால் பவுடர் மாதிரி.
பிரேக் ட்ரம்முக்குள் வெள்ளை மணல்,
அருவி இடித்துச் சலித்தது.
காசிமேட்டு மணல் இப்படி மின்னாது.
டிஃபரன்ஷியல் மேல் ஓடை இழுத்த கோடு
போன வருடக் கோட்டைவிட
இரண்டு விரற்கடை கீழே.
யாரும் சொல்லவில்லை,
அங்கே மழை குறைச்சல் என்று எனக்குத் தெரியும்.

வைப்பரில் சிக்கிய இழையைப் பிடித்து
"புலி முடியாண்ணா?" என்றான் இன்னாசி.
தேங்காய் நார்.
அவன் நம்பவில்லை, பர்சில் வைத்துக்கொண்டான்.

ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் விட்டதில்லை.
வியாழன் ராத்திரி கணக்கில் இல்லாத மழை.
விடிந்தபோது கணேசபுரம் சுரங்கப்பாதையில்
தொடையளவு தண்ணீர்,
இந்தக் கரையில் நாலு ஆட்டோ, அணைந்துபோய்.

"அந்தாண்ட உடுவீங்களா?"
ஸ்டான்லியில் ஏழு மணி டியூட்டி நர்ஸ் ஒருத்தி.
கரையும் ஐஸ்பாரைச் சாக்கில் சுற்றிய ஒருவர்.
காலி வாட்டர் கேன் ஆறோடு ஒரு பையன்.
ஏறினார்கள்.
செவந்தன் தன் பயணிகளுக்குச் சொல்வதை
ஒரு தடவை போனில் கேட்டிருக்கிறேன்.
அப்படியே சொன்னேன்:
கைய வெளிய நீட்டாதீங்க. எழுந்து நிக்காதீங்க.
சத்தம் போட்டா அது மெரளும்.
"எது?" என்றாள் நர்ஸ்.
எனக்கும் தெரியவில்லை.

ஃபோர் வீல் லோ.
நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைக் கடித்தன.
மேலே அரக்கோணம் வண்டி போக,
பாலத்து இடுக்கெல்லாம் வழிந்து
ஒரு நிமிஷம் அருவி.
ஐஸ்காரர் தலையைத் துடைக்கவில்லை.
பையன் ஒரு கேனை நீட்டிப் பிடித்தான்,
கையை நீட்டாதே என்று சொல்ல மறந்துபோனேன்.

நடுப்பள்ளத்தில் நின்றிருந்தது
புளியந்தோப்புத் தொழுவத்து எருமை,
கழுத்தளவு நீரில், எந்த அவசரமும் இல்லாமல்.
இன்ஜினை உறுமவிடாமல் காத்திருந்தேன்.
கிட்டே வந்து
வலது கதவின் டொக்கை மோந்து பார்த்தது.
சொந்தக்காரர் கடிதம் படிப்பதுபோல
ரொம்ப நேரம்.
பிறகு விலகிற்று.
நர்ஸ் எடுத்த போட்டோவில்
கொம்பு பாதி, கதவு பாதி, என் காது.

சக்கரம் அழவில்லை. கியர் நழுவவில்லை.
அக்கரையில் காசு நீட்டினார்கள்.
ஐஸ்காரரிடம் மட்டும் வாங்கவில்லை,
பாதி கரைந்துவிட்டிருந்தது.

ஜீப் மலையேறி மூன்று வாரம்.
செவந்தன் கூப்பிட்டான்:
"அண்ணா, வண்டி அருமைங்க.
அடியில மட்டும் ஒரு நாத்தம்.
ஓடைல மூணு தடவ முக்கிட்டேன், போகலீங்க.
மானெல்லாம் தூரத்துலயே நின்னு மூக்கத் தூக்குது.
ஏறுற சனமெல்லாம் கேக்குறாங்க
இது எந்த மிருகத்து வாசமுன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"பெரிய மிருகம், மழை பேஞ்சாத்தான் வரும்,
நானே இன்னும் பார்த்ததில்லைன்னு
சொல்லிருக்கேங்க."